கண்ணாடியில் ஒட்டிய கணக்குப்பிள்ளை

2025 ஜூலை நடுவில் பெங்களூருவின் பேக்கரிகளிலும் பெட்டிக்கடைகளிலும் டீக்கடைகளிலும் கையால் எழுதிய அட்டைகள் தொங்கத் தொடங்கின: ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’. பல ஆண்டுகளாகக் கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருந்த கியூஆர் கோடு ஸ்டிக்கரைச் சிலர் சுரண்டியே எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் இது போன்பே பிறந்த ஊர். யுபிஐ திட்டத்துக்கு வடிவம் போட்டுக் கொடுத்தவர்களில் பலர் குடியிருக்கும் ஊர். மாநில வணிகவரித் துறை அனுப்பிய நோட்டீஸ்தான் காரணம் என்று செய்தித்தாள்கள் எழுதின, அது உண்மைதான். ஆனால் வெறும் வரித் தகராறாக அதைப் படித்தால் முப்பதாண்டு வரலாறு ஒன்று விட்டுப்போகிறது. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்தைக் கடைக்காரர் பெயர்ப்பலகையின் தம்பி என்று நம்பி வாசலில் ஏற்றினார். விளம்பரக்காரரும் அப்படித்தான் நம்பினார். அதுவோ பிறவியிலேயே பேரேடு. இந்த இரண்டு புரிதலும் ஒரே ஸ்டிக்கரில் எட்டொன்பது ஆண்டுகள் குடித்தனம் நடத்தியதுதான் பெங்களூருவின் கியூஆர் கோடு வரலாறு என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். 1994-ல் ஜப்பானில், டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோவில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய சிறு குழுவும் இதை உருவாக்கினார்கள். கார் உதிரி பாகப் பெட்டிகளில் அதுவரை ஒட்டியிருந்தவை கோட்டுப் பட்டைக் குறிகள். ஒரு பட்டையில் இருபது எழுத்துக்கு மேல் அடங்காது என்பதால் ஒரே பெட்டியில் பல பட்டைகளை ஒட்டி, தொழிலாளி ஒவ்வொன்றாக வருடிக்கொண்டிருந்தார். குறுக்கிலும் நெடுக்கிலும் தகவலை அடுக்கினால் இந்தத் தொல்லை தீரும் என்பது ஹாராவின் யோசனை; அதிகபட்சமாக 7,089 இலக்கங்கள் வரை அதில் வைக்கலாம். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்கள் வந்த விதம்தான் நமக்கு முக்கியம். கருவியின் கண் குறியை உடனே அடையாளம் காண, அச்சில் வேறெங்கும் அதிகம் தென்படாத ஓர் உருவம் தேவைப்பட்டது. எனவே குழுவினர் துண்டு விளம்பரங்களையும் இதழ்களையும் அட்டைப்பெட்டிகளையும் குவித்துவைத்து, அவற்றில் கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் வருகின்றன என்று அளந்தார்கள். எல்லாவற்றிலும் அரிதாக வந்த விகிதம் 1:1:3:1:1. அதையே மூலைச் சதுரங்களுக்கு வைத்தார்கள். ஆக, உலகத்து விளம்பரத் தாள்கள் எவற்றோடும் கலந்துவிடக் கூடாது என்று திட்டமிட்டு வரைந்த உருவம் அது. மனிதக் கண்ணைக் கவர்வது அதன் வேலையாக இருக்கவில்லை. எந்தப் பெட்டியில் எந்தச் சாமான், எத்தனை, எங்கே போகிறது என்று எந்திரத்துக்குச் சொல்வதுதான் வேலை. எண்ணெயும் புகையும் படிந்த தொழிற்சாலைக்காக, முப்பது சதவீதம் வரை அழிந்தாலும் மீட்டுப் படிக்கும் கணிதத்தையும் உள்ளே வைத்தார்கள். பின்னாளில் தோசைக்கல் எண்ணெயையும் பூக்கடைத் தண்ணீரையும் தாங்கி அது நின்றதற்கு அந்த ஏற்பாடே காரணம். காப்புரிமையை டென்சோ கையில் வைத்திருந்தது. ஆனால் யாரிடமும் கட்டணம் கேட்கவில்லை.

இனி வாசல் பலகையின் கதை. பெங்களூருவின் பழைய பேட்டையில் பலகைக்கு வேலையே குறைவு. கெம்பே கௌடர் 1537-ல் அமைத்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரில் தெருப் பெயரே விளம்பரம்: அரிசிக்கு அக்கிப்பேட்டை, வளையலுக்குப் பளேப்பேட்டை, தானியத்துக்குத் தரகுப்பேட்டை. தெருவுக்குள் நுழைந்தவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று தெரியும். யாரிடம் வாங்குவது என்பது பழக்கத்தையும் பேச்சையும் பொறுத்தது. ஊர் கன்டோன்மென்ட் பக்கமாக வளர்ந்து, பலவகைக் கடைகள் ஒரே சாலையில் கலந்தபோதுதான் பெயர்ப்பலகை அவசியமானது. பலகை எழுதக் காசில்லாத சிறு கடைக்குக் குளிர்பானக் கம்பெனியோ சோப்புக் கம்பெனியோ இலவசமாகப் பலகை அடித்துத் தந்தது. அதில் முக்கால் பாகம் கம்பெனியின் சின்னம், ஓரத்தில் சின்னதாகக் கடையின் பெயர். தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தன் முகப்பை இன்னொருவர் விளம்பரத்துக்கு ஓசியில் கொடுப்பது நம் சில்லறை வணிகத்துக்குப் புதிதல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கர் வந்தபோது யாரும் ஏன் எதற்கென்று கேட்காததற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம்.

விளம்பரத் துறை இந்தக் கட்டத்தைக் கையில் எடுத்தது 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில். நாளிதழ் விளம்பரத்தின் மூலையில், வீட்டுமனைக் கையேட்டின் பின்னட்டையில், மாநாட்டு அடையாள அட்டையில் எல்லாம் அது தலைகாட்டியது. பெரிதாக எடுபடவில்லை. படிப்பதற்குத் தனிச் செயலி இறக்க வேண்டும். இணையம் மெதுவாக வரும், விலையும் அதிகம். ஐபோன் கேமராவே நேரடியாக கியூஆர் கோடு படிக்கத் தொடங்கியது 2017 செப்டம்பரில்தான். இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று உண்டு. சிரமப்பட்டுப் படித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது இன்னொரு விளம்பரம். பேரேட்டை எடுத்துத் துண்டு நோட்டீஸாக விநியோகித்தால் யார் வாங்குவார்கள்?

நிலைமையை மாற்றியது பணம். 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யுபிஐயை அறிமுகப்படுத்தினார்; ஆகஸ்ட் 25 முதல் வங்கிகளின் செயலிகள் வெளிவந்தன. இதை நடத்துவது மும்பையிலுள்ள தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ஆனால் அதன் வடிவமைப்பில் பெங்களூருவின் ஐஸ்பிரிட் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்களின் உழைப்பும், ஆலோசகராக இருந்த நந்தன் நிலேகணியின் கையும் உண்டு. 2015 டிசம்பரில் இதே ஊரில் தொடங்கப்பட்டு, சில மாதங்களில் ஃப்ளிப்கார்ட் வாங்கிய போன்பே, யுபிஐ மீது தன் செயலியைக் கட்டியது. 2016 அக்டோபரில் நாடு முழுக்க நடந்த யுபிஐ பரிமாற்றங்கள் மாதத்துக்குச் சுமார் ஒரு லட்சம்தான். நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதவை ஆயின. டிசம்பரில் எண்ணிக்கை இருபது லட்சத்தை நெருங்கியது. ஏடிஎம் வரிசை குறைந்த பிறகும் பழக்கம் நின்றதற்கு மலிவான ஜியோ இணையமும் சில்லறைத் தட்டுப்பாடும் துணை. மூன்று ரூபாய் மிச்சத்துக்கு இரண்டு மிட்டாயைக் கையில் திணிக்கும் வழக்கத்தைக் கடைக்காரரும் விரும்பவில்லை, வாங்குபவரும் விரும்பவில்லை.

அட்டை தேய்க்கும் எந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு, தொலைபேசி இணைப்பு, வங்கிக் கமிஷன் என்று பல சுமை. ஸ்டிக்கருக்கு ஆன செலவு தாளும் பசையும். தோளில் பையோடு இளைஞர்கள் தெருத் தெருவாக நடந்து கடைகளைச் சேர்த்தார்கள். கடைக்காரரின் செல்பேசியை வாங்கி நாலு தட்டுத் தட்டி, கண்ணாடியில் ஒட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்கேனர்’. ‘ஸ்கேனர் எங்கண்ணா?’ என்று கேட்டால் கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டுவார். உண்மையில் ஸ்கேன் செய்யும் கருவி கேட்பவர் கையில்தான் இருக்கிறது. பெயர் தலைகீழாகத்தான் விழுந்தது. ஆனால் அதில் ஒரு உண்மையும் தெரியாத்தனமாக விழுந்திருக்கிறது. படிக்கப்படுவது ஸ்டிக்கர் மட்டுமில்லை, அதன் வழியாகப் போகும் ஒவ்வொரு பரிமாற்றமும்தான்.

அந்தச் சதுரத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இது யுபிஐ என்று சொல்லும் ஒரு முன்னொட்டு, பணம் போய்ச் சேர வேண்டிய முகவரி, பெறுபவரின் பெயர், தேவையானால் கடை எந்த வகை என்பதற்கு ஓர் எண். அவ்வளவுதான். கடையில் என்ன விற்கிறது, என்ன விலை என்று ஒரு வரி கிடையாது. சதுரத்தைச் சுற்றி இருப்பதுதான் விளம்பரம், அதுவும் கடையுடையது அல்ல. ஊதா நிறம் போன்பேக்கு, நீலம் பேடிஎம்முக்கு, வெள்ளை கூகுள் பேக்கு. ஒரே கண்ணாடியில் மூன்று நான்கு ஸ்டிக்கர்கள் வரிசையாக நிற்க, கடையின் பெயர் அடியில் பொடி எழுத்தில். சோடாக் கம்பெனிப் பலகையின் பேரன் என்று தாராளமாகச் சொல்லலாம். 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு பெங்களூரு மாநகராட்சி ஃப்ளெக்ஸ்களையும் ஹோர்டிங்குகளையும் அகற்றத் தொடங்கியது. 2024-ல் பலகைகளில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற சட்டம் கெடுபிடியோடு அமலுக்கு வந்தது. பலகையின் பரப்பையும் மொழியையும் அளந்த இந்த நகரத்தில், எந்த மொழியிலும் பேசாத அந்தச் சதுரம் மட்டும் அளவுகோலுக்குத் தப்பிக்கொண்டது. அது பேசத் தொடங்கியது வேறு வழியில். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றுபவர்கள் பெருகியபோது, ‘இத்தனை ரூபாய் வந்தது’ என்று உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வந்தது. 2019-ல் பேடிஎம் தொடங்கியதைப் பிறரும் பின்தொடர்ந்தார்கள். போன்பேயின் பெட்டி கன்னடத்தில் நடிகர் கிச்சா சுதீப்பின் குரலில் வரவு சொன்னது. கணக்குப்பிள்ளை வாய்விட்டு வரவு வாசிப்பதை வாடிக்கையாளர் வரிசை முழுக்கக் கேட்டது. தன் வரவைத் தெருவே கேட்கிறதே என்று கடைக்காரர் கூசவில்லை, அதை நம்பிக்கையின் ஓசையாகவே எடுத்துக்கொண்டார்.

ஸ்டிக்கரும் பெட்டியும் இவ்வளவு மலிவாக ஏன் வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் அட்டைக்கும் வியாபாரியிடமிருந்து கமிஷன் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. பணப் பரிமாற்றத்தில் லாபம் இல்லாத நிறுவனம் பெட்டி வாடகையிலும் கடன் வியாபாரத்திலும் காசு தேடியது. கடன் கொடுக்கக் கடையின் அன்றாட வரவைவிட நல்ல அடமானம் ஏது? அதாவது ஸ்டிக்கரைப் பேரேடாக முதலில் படித்தது வரித்துறை இல்லை, ஸ்டிக்கர் ஒட்டிய நிறுவனங்கள்தான். அதே ஆண்டு அக்டோபரில் ரிசர்வ் வங்கி, இனிப் புதிதாகத் தனிநிறுவனக் கோடுகள் கூடாது, இருப்பவையும் 2022 மார்ச்சுக்குள் எந்தச் செயலியாலும் படிக்கக்கூடியதாக மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. சீனா நமக்கு முன்பே கியூஆர் கோடில் காசு கொடுத்த நாடு, பெங்களூருவுக்கு இதில் என்ன தனிச்சிறப்பு என்று கேட்பவருக்கு இதுதான் பதில். அங்கே தெருக்கடைப் பணம் இரண்டு பெரும் நிறுவனங்களின் பைகளைச் சுற்றி வளர்ந்தது. இங்கே எந்த நிறச் செயலியிலிருந்தும் எந்த நிற ஸ்டிக்கருக்கும் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. கடைக்காரருக்கு அது வசதி. வங்கிக் கணக்கில் விழுந்த வரவு வங்கிக் கணக்கின் எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டது என்பது அந்த வசதியின் மறுபக்கம்.

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கத்தக்க பலமான சாட்சி பெங்களூருவிலேயே இருக்கிறது. 2022 செப்டம்பர் 21 அன்று நகரச் சுவர்களில் ‘பேசிஎம்’ சுவரொட்டிகள் முளைத்தன. பேடிஎம் ஸ்டிக்கரின் அதே சாயல். கியூஆர் கோடுக்கு நடுவில் அன்றைய முதல்வர் பசவராஜ் பொம்மையின் முகம். நாற்பது சதவீதம் இங்கே ஏற்கப்படும் என்று ஒரு வரி. அரசுப் பணிகளுக்கு நாற்பது சதவீதக் கமிஷன் கேட்கிறார்கள் என்று மாநில ஒப்பந்ததாரர் சங்கம் முந்தைய ஆண்டே பிரதமருக்கு எழுதியிருந்தது. பா.ஜ.க. அரசு அதை மறுத்துவந்தது. காங்கிரஸ் அந்தக் குற்றச்சாட்டை ஸ்டிக்கர் வடிவில் அச்சடித்தது. போலீஸ் வழக்குப் போட்டது. இரண்டு நாள் கழித்து காங்கிரஸ் தலைவர்கள் சித்தராமையாவும் டி.கே. சிவகுமாருமே சுவரொட்டி ஒட்டக் கிளம்பிக் கைதானார்கள். இந்திய அரசியல் விளம்பரத்தில் கியூஆர் கோடுக்குக் கிடைத்த பெரிய வெற்றி இதுதான் என்றால் மிகையில்லை. அப்படியானால் இது விளம்பரக் கருவிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சுவரொட்டி ஏன் எடுபட்டது? படித்தவர்களைவிடப் பார்த்துச் சிரித்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். அவர்களுக்குச் சதுரம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த உருவத்தைப் பார்த்தாலே ‘இங்கே பணம் போகிறது, எங்கோ வரவு வைக்கப்படுகிறது’ என்று ஐந்தாறு ஆண்டு டீக்கடைப் பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தது. நகைச்சுவையின் ஊற்றே பேரேடு என்ற பொருள்தான். மெனக்கெட்டுப் படித்தவரைக் கோடு கொண்டுபோய்ச் சேர்த்த இணையதளமும் லஞ்சப் புகார்களைப் பதிவு செய்யும் இடம். அதுவும் ஒரு கணக்குப் புத்தகமே.

2023 மே தேர்தலில் 224 இடங்களில் 135-ஐ வென்று காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. சுவரொட்டி ஒட்டிய சித்தராமையா முதல்வரானார். அவர் ஆட்சியின் வணிகவரித் துறைதான் 2021-22 முதல் 2024-25 வரையிலான யுபிஐ வரவு விவரங்களைச் சேவை நிறுவனங்களிடமிருந்து வாங்கி, பொருள் விற்பனைக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியவர்களைப் பிரித்தெடுத்து, ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு நான்காண்டு வரவு 1.63 கோடி என்று கணக்குப் போட்டு 29 லட்சம் கேட்ட செய்தி நாடெங்கும் பரவியது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும், பேரேட்டுக்குத் தெரியாது. ஹாராவின் சதுரம் பெட்டிக்குள் இருந்த பொருளை அறிந்தது, அதன் காசை அறியாது. பெங்களூருவின் சதுரம் காசை மட்டும் அறிகிறது. நாற்பது ரூபாய் பாலுக்கு வந்ததா சிகரெட்டுக்கு வந்ததா, மச்சான் திருப்பிக் கொடுத்த கைமாற்றா, சீட்டுப் பணமா என்று அதில் ஒரு சொல் இல்லை. பற்றுப் பக்கம் முழுக்க வெற்றாக இருக்கும் பேரேட்டை எந்தக் கணக்குப்பிள்ளையும் முதலாளிமுன் கொண்டுபோய் வைக்க மாட்டார். அதை வைத்து வரி கேட்டது துறையின் அவசரம் என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகள் இரண்டு. கியூஆர் கோடு வெறும் கருவி, வரம்புக்கு மேல் விற்றவர் ரொக்கத்தில் விற்றாலும் பதிவு செய்யத்தான் வேண்டும், வெளிச்சம் விழுந்தது நல்லதுதானே என்பது ஒன்று. சட்டப்படி அது சரி, 1.5 கோடி வரை விற்பவருக்கு ஒரு சதவீதம் கட்டும் எளிய காம்போசிஷன் திட்டமும் இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்ட வந்தவரோ, ரொக்கமில்லாப் பொருளாதாரம் என்று மேடையில் பேசியவரோ அந்தச் சட்டத்தைக் கடைக்காரருக்குச் சொன்னதில்லை. தொகை ஏறி வரம்பைத் தாண்டும் தருணத்தில் சவுண்ட் பாக்ஸும் வாய் திறக்கவில்லை. நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு வட்டியும் அபராதமும் சேர்த்துக் கேட்பது, கடன் நோட்டை ஒளித்துவைத்து வசூலுக்கு வரும் பழைய வித்தையை நினைவூட்டுகிறது. கடைக்காரர்கள் ஏமாளிகள் அல்ல, தெரிந்தேதான் ஏய்த்தார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. சிலர் அப்படி இருக்கலாம். ஆனால் வருமானத்தை மறைக்க நினைப்பவர் அதை ஒவ்வொரு தடவையும் சுதீப்பின் குரலில் தெருவுக்கு அறிவிப்பாரா? ஒட்டிய கையாலேயே சுரண்டி எடுத்தார்கள் என்பதே, ஒட்டும்போது அதை அவர்கள் என்னவாக நினைத்தார்கள் என்பதற்கு சாட்சி.

ஜூலை 23 அன்று வியாபாரிகளோடு பேசிய முதல்வர், பழைய பாக்கி வசூலிக்கப்படாது, இனிமேல் வரம்புக்கு மேல் விற்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். 25 அன்று நடக்கவிருந்த கடையடைப்பு கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாட்டின் யுபிஐ பரிமாற்றங்கள் முதல்முறையாக 2,000 கோடியைத் தாண்டின. பதிவு செய்துகொள்ளும் கடைக்கு ஜிஎஸ்டி விதிகள் ஒரு சின்ன வேலையையும் கொடுக்கின்றன. சான்றிதழைக் கடைக்குள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். பதிவு எண்ணை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையில் எழுத வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தவர் அதையும் பலகையில் குறிப்பிட வேண்டும். பலகையே இல்லாமல், ஊதா ஸ்டிக்கரின் அடியில் பொடி எழுத்தில் மட்டும் பெயர் வைத்திருந்த டீக்கடைக்காரர் இனி அதற்காகவாவது ஒரு பலகைக்குச் சொல்ல வேண்டும், அறுபது சதவீதம் கன்னடத்தில்.